ஏழரை யாருடையது?

அப்பாவுக்கு வேலை போன வருடம், கிள்ளான் வீட்டில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "ஏழரை ஓடுதுடா. இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ." மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் விட்ட முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29.5 ஆண்டுகள் ஆகும். 12 ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை, மூன்றுக்கு ஏழரை. சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். வெறுங்கண்ணால் வானம் பார்த்தவர்களின் கணக்கில் பிழையில்லை. அந்த நடையை அப்பாவின் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டது நாம்.

வால்டேரின் 'மைக்ரோமேகாஸ்' (1752) கதையில் சனிக்கிரகவாசி ஒருவன் வருகிறான். 72 புலன்கள், 15,000 ஆண்டு ஆயுள். போதவில்லை என்று அவனும் புலம்புகிறான். சனியிலேயே குடியிருப்பவனுக்கும் குறைதான். அவன் எந்தக் கிரகத்தின் மீது பழி போடுவான்?

ஆனாலும் அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துன்பத்துக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டியிருந்தது. அதைச் சனி மட்டுமே கொடுத்தது. கூடவே முதலாளியையும் தப்பவிட்டது. தாங்கிக்கொள்ள உதவிய நம்பிக்கை, கணக்குக் கேட்க உதவவில்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் என் கடையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். போன வருடம் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனது. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "பரவால்லண்ணே, எனக்கு ஏழரை நடக்குது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலமே கடன் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.