தெரியாது என்றால் குற்றமில்லையா?



"எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர்மேல் குற்றம் சாராது என்று பொதுவாய் எண்ணுகிறோம். அது எப்போதும் சரிதானா? நம் பக்கம் ஓடும் ஒரு வண்டியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனம் எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியை மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் நீர் கண்டிருப்பீர். சினிமாப் படப்பிடிப்புக்கும் உல்லாசப் பயணத்துக்கும் அது வருகிறது. இரவில் கதவடைத்து, ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதற்குள்ளேயே உறங்குவோர் உண்டு.

எரிபொருள் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது பிடித்துக்கொள்கிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே மடிகிறார். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் பணியாளர் இருவர் பிணமாய்க் கிடந்தனர். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்தபோது, ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து, இரண்டே மணி நேரத்தில் பத்து இலட்சம் பங்கு காற்றில் 957 பங்கு இவ்வாயு சேர்ந்தது தெரிந்தது.

இதற்கென்றே எச்சரிக்கைக் கருவி உண்டு. வாயு சேர்ந்தால் அது அலறும். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. கருவிக்குத் தக்கபடி 5 முதல் 10 ஆண்டு. அதன்பின் வாயுவை உணரும் பாகத்தை நம்ப முடியாது. சோதனைப் பொத்தானை அழுத்தினால், ஆயுள் முடிந்த கருவியும் கணீரென்று ஒலிக்கக்கூடும். அப்பொத்தான் மின்சாரத்தையும் மணியையும் சோதிக்கிறதேயன்றி, வாயுவை உணரும் திறனைச் சோதிப்பதில்லை.

மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் ஓரிரவு அணைந்தால், கடலிலிருக்கும் மீனவர் உடனே அறிவர். பிரிட்டன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் இதே வாயுவைக் கண்டறிய 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தனர். குருவி சாய்ந்தால் மனிதர் வெளியேறினர். அந்தக் காவலர்களின் வீழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கருவியோ செத்தபின்னும் உயிரோடிருப்பதைப் போலவே சுவரில் தொங்குகிறது. ஆபத்து இல்லாதபோதும் மௌனம். காவல் இல்லாதபோதும் அதே மௌனம் நிலவக்கூடும்.

அப்படியானால், வண்டிக்காரர் "கருவி செத்தது எனக்குத் தெரியாது" என்பது நியாயந்தானே? இல்லை. கருவியின் முதுகில் தேதி அச்சிட்டிருக்கிறது. கழற்றித் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அறிய வழியே இல்லாத அறியாமை வேறு. திருப்பிப் பார்க்க மனமில்லாத அறியாமை வேறு. முன்னதற்கு மன்னிப்பு கேட்கவே வேண்டாம். பின்னது குற்றமே.

"நன்றாய் ஒலிக்கும் பொருளை எறிவது வீண்செலவல்லவா?" என்பார் சிலர். தன் தேவையைக் குறைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம். பிறர் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதை எப்படிச் சிக்கனம் என்பது? அந்தக் காசு உறங்குகிறவரிடமிருந்து திருடிய காசு அன்றோ?

"எங்களுக்குக் கேரவன் ஏது?" என்பீர். வேளாங்கண்ணிக்கும் அச்சிறுபாக்கம் மழைமலை மாதா கோயிலுக்கும் வேன் அமர்த்துகிறோமே! நாம் அறையில் படுத்திருக்க, டிரைவர் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, குளிர்சாதனத்தில் உறங்குகிறார். அவர் எங்கே படுப்பார் என்று நாம் கேட்டதுண்டா? கேட்காதிருந்துவிட்டு, நாளை "தெரியாது" என்றால் போதுமா?

ஆகவே, கருவி வைத்திருப்பவர் இன்றே அதன் முதுகைப் பாரும். காலம் கடந்திருந்தால், வண்டிகளுக்கென்றே செய்த புதியதை வாங்கிப் படுக்கையருகே பொருத்தி, மாற்றவேண்டிய ஆண்டைப் பெரிதாய் எழுதி வையும். வேன் அமர்த்துபவர், டிரைவருக்கும் ஒரு பாய் விரிக்க இடம் கேளும்.

நம் மனச்சாட்சியும் இப்படித்தான். அது உறுத்தவில்லை என்பதால் மட்டும் எல்லாம் சரியாயிருக்கிறது என்று எண்ணிவிடாதேயும். அதையும் அவ்வப்போது திருப்பிப் பாரும்.