பயணிக்குப் பங்குண்டா?

1943ஆம் ஆண்டு பெப்ரவரி 9ந் திகதி ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்டது. மாலுமிகளல்லாத இருவர் அதில் இருந்தனர். ஒருவர் சுபாஷ் சந்திரபோஸ். மற்றவர் அவருடைய செயலாளர் ஆபித் ஹசன். ஏப்ரல் இறுதியில் மடகஸ்காருக்குத் தென்கிழக்கே, கொந்தளிக்கும் கடலில், இறப்பர்த் தோணியேறி இருவரும் யப்பானிய ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினர்.

கதை நம்மவருக்குப் புதிதன்று. மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய நம் பெரியவர்கள் போஸின் பெயரைப் பக்தியோடு சொன்னதுண்டு. மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பெருவாரியாய் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தது அவர் அங்கு வந்து சேர்ந்த பின்னரே. நீர்மூழ்கி பேராபத்தில் அகப்பட்ட வேளையிலும் போஸ் கலங்காது சொல்லிக்கொண்டே போனார், எழுதவேண்டிய ஹசன்தான் எழுத மறந்து திகைத்திருந்தார் என்பது எல்லோரும் விரும்பிச் சொல்லும் பகுதி.

சொல்லாது விடும் பகுதியொன்றும் உண்டு. ஏப்ரல் 18ந் திகதி, தென்னாபிரிக்கக் கரைக்கப்பால், கோர்பிஸ் என்ற பிரித்தானிய எண்ணெய்க் கப்பலை யூ-180 தாக்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்தோரிற் பெரும்பாலோர் மீளவில்லை. கடல் எரிவதை ஹசன் கண்டார். உயிர்காப்புப் படகுகள் வெள்ளையருக்கே கிடைத்தன, இந்திய, மலாய முகமுடையோர் ஒரு தெப்பத்தில் விடப்பட்டிருந்தனர் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எவருக்கு விடுதலை தேடிப் போஸ் போனாரோ, அவர்களைப் போன்றவர்களே அத்தெப்பத்தில் இருந்தார்கள்.

போஸ் குற்றவாளியா? கட்டளையிட்டவர் கப்பற்றலைவர் முசென்பேர்க். போஸ் ஏறாதிருந்தாலும் யூ-180 கப்பல்களை மூழ்கடிக்கவே கடலுக்குப் போயிருக்கும். அவரை இறக்கிய பின்னரும், யூன் 3ந் திகதி, போரிஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. முல்லைத்தீவுக் கரையில் மீன் பங்கிடும்போது, வள்ளத்தில் சும்மா ஏறிப்போனவனுக்குப் பங்கு வைப்பதில்லை. அந்த நியாயப்படி பார்த்தால் போஸுக்குப் பங்கில்லை. அவருடைய நோக்கமும் இழிவானதன்று. அதே 1943இல், பிரித்தானிய ஆட்சியின் கீழ், வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர்.

ஆயினும் முல்லைத்தீவு நியாயம் முழுதும் பொருந்தாது. சும்மா ஏறியவனுக்கு மீன் இல்லை, கரை கிடைக்கிறதே! அந்த வள்ளம் இல்லாவிடில் போஸ் அக்கரை சேர்ந்திருக்கமாட்டார். அவ்வள்ளம் எத்தகையது என்பதையும் அறிந்தே ஏறினார்.

வன்னியில் வாழும் நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் உயிர் மிஞ்சியவர்களைப் பார்த்து, எவருடைய வாகனத்தில் ஏறினாய், எவருடைய பக்கம் நின்றாய் என்று கேட்டவர்கள் உண்டு. பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு கிடைத்த உழவு இயந்திரத்தில் ஏறிய தாயிடம் அக்கேள்வியைக் கேட்பது அநியாயம். அவளுக்கு வேறு வாகனம் இல்லை. போஸுக்குப் பேர்லினில் தங்கியிருக்கும் வழியாவது இருந்தது. தெரிந்து ஏறியவனையும் கதியின்றி ஏறியவளையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

தெரிந்து ஏறியவன்மேல் சுமத்தக்கது கொலைக்குற்றமன்று, கடன் என்பதே என் எண்ணம். குற்றம் செய்தவனோடு நிற்கும். கடனோ பயனை அனுபவித்த எல்லோரையும் தொடரும். மலாயாவில் அவரை மாலையிட்டு வரவேற்றோர்மீதும், இன்றுவரை அக்கதையைப் பெருமையாய்ச் சொல்லிவரும் நம்மீதும் அதில் ஒரு பகுதி விழுகிறது. கலங்காத போஸைச் சொல்லும் வாய் தெப்பத்தில் இருந்தவர்களை விழுங்கிவிட்டால், கடன் அப்படியே கிடக்கும்.

யூ-180 பின்னர் சரக்குக் கப்பலாக மாற்றப்பட்டது. 1944 ஓகஸ்டில் பிரான்சின் போர்தோவிலிருந்து கிழக்கே புறப்பட்டது. பிஸ்கே விரிகுடாவில் 56 பேருடன் காணாமற்போயிற்று. ஒருவரும் தப்பவில்லை. ஐ-29 அதற்கு முந்திய மாதம், யூலை 26ந் திகதி, அமெரிக்க நீர்மூழ்கியொன்றால் தாக்கப்பட்டுத் தாழ்ந்திருந்தது.