முழு டேங்க்

ஆலங்குடி பங்க்கில் வண்டியை நிறுத்தினால் பையன் கேட்பான், “சாதாவா, பவராண்ணே?” அப்பா பத்து வருஷமாக ஒரே பதில்தான் சொல்லிவந்தார். “சாதா. ஆயிரத்துக்கு.” ஒருநாளும் டேங்க் நிரப்பியதில்லை. வண்டி 2014-ல் வாங்கிய செடான். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்ஜின். தங்கச்சி கல்யாணம், அம்மாவுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடியது. போன வருஷம் கண்ணில் புரை எடுத்த பிறகு அப்பா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சாவி கைக்கு வந்த அன்று ராத்திரியே நான் ஒரு பட்டியல் போட்டேன். எஞ்ஜினின் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி எழுதுவது, காற்று அதிகம் விடும் ஃபில்டர், கொஞ்சம் அகலமான சைலன்ஸர் குழாய், 95 ஆக்டேன் பெட்ரோல். மொத்தம் முப்பதாயிரத்தைத் தொட்டது. சாப்ட்வேர் ஆளுக்கு இதைவிடச் சுகமான ஆசை இருக்க முடியாது. அப்பாவின் வண்டிக்குள்ளேயே ஒரு கோடு இருக்கிறது, அதை நான் திருத்தலாம்.

மறுநாள் பெரியப்பா மகன் அண்ணன் வந்திருந்தார். வடகாடு பக்கம் பலாவும் பூவும் போட்டிருப்பவர். பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் பண்ணா என்னடா ஆகும்?” என்றார்.

“வண்டி நல்லா இழுக்கும்ணே.”

“எண்ணெய்?”

“கொஞ்சம் கூடக் குடிக்கலாம்.”

அவர் சிரித்தார். “அன்னிக்குப் போன்ல என்ன கேட்ட தம்பி? ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மறுநாளே ஊர் உட்கார்ந்துவிட்டது. நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு என்று சுற்றுவட்டாரமெல்லாம் சேர்ந்தது. அண்ணனும் தினமும் பந்தலுக்குப் போனார். நான் சென்னையில், ஏசி ரூமில் இருந்தபடி போனில் கேட்டேன்: “எல்லாரும் பெட்ரோல் பைக்லதானே போராட்டத்துக்குப் போறீங்க? அப்புறம் கிணறு மட்டும் வேண்டாம்னா எப்படி?” அவர், “வந்து பாத்துட்டுப் பேசுடா” என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த வருஷம் கஜா அடித்து அவருடைய பலா மரங்கள் சாய்ந்தபோதுதான் நான் ஊருக்குப் போனேன். அதுவரை நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியை அன்று நான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். இப்போது அது எனக்கே திரும்பி வந்திருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

கேள்விக்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது: ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவனுக்கு, அது எடுக்கப்படும் விதத்தை எதிர்க்க உரிமை இல்லை. இந்த விதி உண்மையானால் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். மாதம் இருநூறு லிட்டர் எரிக்கிறவரிடம், “உங்க தெருவுல கிணறு தோண்டலாமா?” என்று யாரும் கேட்பதில்லை. மாதம் பத்து லிட்டர் போடுகிறவரிடம்தான் கேட்கிறோம், அவர் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்பதற்காக. அப்படியென்றால் இந்தக் கேள்வி பயன்பாட்டைப் பற்றியதே இல்லை. நிலம் எங்கே வாய்த்தது என்பதற்கான தண்டனை அது. தவிர, பஸ் மணிக்கு ஒன்று வரும் ஊரில் பைக் வைத்திருப்பது சுதந்திரமான தேர்வும் இல்லை.

இதுவரை அண்ணன் பக்கம். ஆனால் இதோடு நிறுத்தினால் நான் அவரைச் சமாதானப்படுத்துகிறேன், அவ்வளவுதான். 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் வந்தது. நமக்கு நிம்மதி. பெட்ரோல் மட்டும் நிற்கவில்லை. இந்தியாவின் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு நெடுவாசல் இருக்கிறது. நைஜீரியாவின் ஓகோனி நிலத்தில் எண்ணெய்க் கசிவை எதிர்த்து ஊரைத் திரட்டிய எழுத்தாளர் கென் சரோ-விவாவை அந்நாட்டு ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. அவர்களுக்கு மண்டலச் சட்டம் கிடைக்கவில்லை. ‘எங்க ஊர்ல வேண்டாம்’ என்ற சொல் நியாயமாக வேண்டுமானால், ‘அவங்க ஊர்லயும் குறையட்டும்’ என்பதுவரை நீள வேண்டும். நீளாவிட்டால் நாம் பெற்றது நியாயம் இல்லை, அதிர்ஷ்டம்.

சரி, கிணறே வேண்டாம், வயலிலிருந்து எடுப்போம் என்றால்? 2023-லிருந்து பங்க்குகளில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றிலிருந்து காய்ச்சி எடுப்பது. கேட்க நன்றாக இருக்கிறது. காசு விவசாயிக்குப் போகும், இறக்குமதி குறையும். கணக்குப் பார்க்கலாம். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல. அழுத்தம் ஏறும்போது நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்காமல் தாங்கும் குணம். எரிந்தால் வரும் வெப்பமோ, லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் பழைய கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் இறுகலாம்.

அதே அறிக்கையில் இன்னொரு எண் உண்டு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது. என் வண்டியின் டேங்க்கை நாற்பது லிட்டர் என்று வையுங்கள். அதில் எட்டு லிட்டர் எத்தனால். அது முழுக்கக் கரும்பிலிருந்து வந்தால் 22,880 லிட்டர் தண்ணீர். கோடையில் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிற மாவட்டம் இது. கண்மாய் கண்மாயாகத் தண்ணீரைக் கணக்குப் பண்ணி வாழ்ந்த ஊர். ஒருமுறை டேங்க் நிரப்புவது கிட்டத்தட்ட இரண்டு லாரி. மக்காச்சோளத்துக்கும் உடைந்த அரிசிக்கும் கணக்கு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் சுமக்காத எரிபொருள் என்று ஒன்று பங்க்கில் விற்பதில்லை. கிணற்றின் பக்கத்தில் இருப்பவர் சுமக்கிறார், இல்லையென்றால் போர்வெல்லின் பக்கத்தில் இருப்பவர்.

அப்போது சுத்தமான தேர்வு இல்லை என்பதால் எது செய்தாலும் ஒன்றா? இதுதான் என் தலைமுறையின் சௌகரியமான முடிவு. “எல்லாமே அமைப்புதான் பாஸ், தனியாள் என்ன பண்ண முடியும்” என்று சொல்லிவிட்டு ஃபுல் டேங்க் அடிப்பது. எனக்கு இது சரியாகப் படவில்லை. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன பெட்ரோலும், பைபாஸில் முன்னால் போகிற லாரியை இரண்டு நொடி முன்னதாக முந்த நான் கூடுதலாக எரிக்கப்போகும் பெட்ரோலும் ஒரே கிணற்றிலிருந்து வரலாம். முதலாவதற்கு, சுமக்கிறவரின் முகத்தைப் பார்த்து என்னால் காரணம் சொல்ல முடியும். இரண்டாவதற்குச் சொல்ல முடியாது. நான் கண்டுபிடித்த அளவுகோல் இவ்வளவுதான். யாரையும் புனிதர் ஆக்காது, ஆனால் வேலை செய்கிறது.

மென்பொருளை மாற்றவில்லை. இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டர்போ இல்லாத எஞ்ஜினில் மென்பொருளை மட்டும் மாற்றினால் கிடைப்பது சொற்பம். 91 ஆக்டேனுக்கு அமைத்த எஞ்ஜினுக்கு 95 ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. டர்போ இருந்து, முப்பது சதவீதம் ஏறும் என்றால் இந்தக் கட்டுரையை எழுதியிருப்பேனா? தெரியவில்லை. ஆசை மலிவாக இருந்ததால் துறவும் மலிவாக வந்தது.

செய்தது இதுதான். தீப்பொறி பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் வடகாட்டுச் செம்மண் கொட்டியது, புதுசு போட்டேன். கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு டயர்களுக்குக் காற்று அடித்தேன். பத்து வருஷமாக அப்பா பார்க்காதது அது ஒன்றுதான். மொத்தம் இரண்டாயிரம்கூட ஆகவில்லை. வண்டி இழுக்கிறது.

போன வாரம் கீரமங்கலம் பூச்சந்தைக்கு அண்ணனுடைய மல்லிகை மூட்டையைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆலங்குடியில் பையன் வழக்கம்போலக் கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “சாதா. ஆயிரத்துக்கு” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “காசு நீதான் குடுக்கணும்” என்றார்.