ஈகையா, கடனா: மாதாப்பூரும் பொதுக்கல்வியின் அறமும்

ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுவது ஈகையா, தீர்த்தே ஆக வேண்டிய கடனா என்பது சமயவாணர்களும் அறநூலாரும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வந்த கேள்வி. ஈகையில் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார். அவர் கையை மூடிக்கொண்டாலும் கேட்பார் இல்லை. கடனிலோ கேட்கும் உரிமை பெற வேண்டியவரிடம் இருக்கிறது. கொடுத்தவர் புகழுக்கு உரியவர் ஆவதில்லை, கொடாதவர் பழிக்கு உரியவர் ஆகிறார். எந்தப் பிள்ளையையும் தள்ளிவிடாமல் பொதுப்பணத்தில் அரசு நடத்தும் கல்வியே பொதுக்கல்வி என்றால், அது இவ்விரண்டில் எதன்மேல் நிற்கிறது என்று ஆராய்வதற்கு ஐதராபாத்தின் மேற்குப் பகுதியான மாதாப்பூரைவிடத் தகுந்த இடம் அரிது.

ரங்காரெட்டி மாவட்டத்தின் சேரிலிங்கம்பள்ளி மண்டலத்தில் துர்கம் செருவு ஏரியை ஒட்டிய சிற்றூராக இருந்த மாதாப்பூர், 1998இல் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பிறகு, ஹைடெக் சிட்டி என்ற பெயரில் நாடறிந்த தகவல் தொழில்நுட்ப மையமாக வளர்ந்தது. இந்த வளர்ச்சி தனியார் முயற்சியால் மட்டும் வந்ததாகக் கருதுவது பிழை. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம், 1959இல் வாரங்கலில் நிறுவப்பட்ட மண்டலப் பொறியியல் கல்லூரி, 1972இல் உருவான ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பொதுமக்களின் வரிப்பணத்தில் பயின்றவர்கள் முன்பே திரளாக இருந்ததால்தான் அந்தக் கோபுரங்களுக்கு ஆள் கிடைத்தது. தமிழகத்திலிருந்து அங்கே சென்று பணிபுரிவோர் பலருடைய குடும்பங்களிலும், காமராசர் ஆட்சியில் 1956இல் விரிவாக்கப்பட்ட மதிய உணவை உண்டு முதன்முதலாக எழுத்தறிந்த ஒரு பாட்டனோ பாட்டியோ இருப்பார். அதே மாதாப்பூரில் அடுக்குமாடிகளுக்குக் கல்லும் சிமெண்டும் சுமப்பவர்கள், பாலமூர் என்று வழங்கும் மகபூப்நகர்ப் பகுதியிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து தகரக் கொட்டகைகளில் தங்கும் தொழிலாளர்கள்.

ஈகையா, கடனா என்ற கேள்விக்கு மரபு ஒரே குரலில் விடை தந்ததில்லை. தானத்தைப் போற்றிய தரும நூல்கள், பெறுபவர் 'பாத்திரமாக', அதாவது கொடைக்குத் தகுதியானவராக, இருக்க வேண்டும் என்று விதித்தன. கல்வியைப் பொறுத்தவரை இந்தத் தகுதி 'அதிகாரம்' என்னும் கருத்தாக இறுகியது. பிரம்மசூத்திரத்துக்கு உரை வகுத்த சங்கரரும் இராமாநுசரும் வேதக் கல்விக்குச் சூத்திரருக்கு அதிகாரம் இல்லை என்றே முடிவு கூறினர். அந்த இராமாநுசரே திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி நின்று, மறைபொருளாகக் காக்கப்பட்ட மந்திரத்தை எல்லோருக்கும் உரைத்தார் என்று வைணவக் குருபரம்பரை வரலாறு சொல்கிறது. உரை மூடிய வாசலைப் பக்தர்களின் நினைவு திறந்து வைத்தது என்பதை எளிதாகக் கடந்து போக முடியாது. சமணம் உணவு, அடைக்கலம், மருந்து ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்தது. அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்பது நபிமொழியாக வழங்கி வருவது. புத்தர் தம் இறுதி நாட்களில், ஆசிரியன் சிலவற்றை மூடிய கைக்குள் ஒளித்து வைக்கும் வழக்கம் தம்மிடம் இல்லை என்று ஆனந்தரிடம் கூறியதாக மகாபரிநிப்பான சுத்தம் பதிவு செய்கிறது.

இவற்றுள் பொதுக்கல்விக்கு மிக நெருங்கிய கருத்து, வைதிக மரபின் மூன்று கடன்களுள் ஒன்றான இருடிக் கடன். மனிதன் பிறக்கும்போதே இருடிகளுக்கும் தேவர்களுக்கும் முன்னோர்க்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான், இருடிகளுக்குரிய கடனை ஓதுவதால் தீர்க்கிறான் என்பது அதன் சாரம். அறிவு யாருடைய தனி உழைப்பாலும் விளைந்ததன்று, முன்னவர்களிடமிருந்து வந்து சேர்ந்தது என்ற உண்மையை இக்கருத்து ஒப்புக்கொள்கிறது. ஆனால் தைத்திரீய சங்கிதை இதைப் பிராமணனைக் குறித்தே பேசுகிறது. கற்கத் தடுக்கப்பட்டவர்களுக்கு அங்கே கடனும் இல்லை, உரிமையும் இல்லை. கடனின் திசையும் முன்னோரை நோக்கியே செல்கிறது. முன்னோர் நேரில் வந்து எதையும் பெற்றுக்கொள்ளப் போவதில்லை என்பதால், கற்றவர் தமக்கு யாரென்றே தெரியாத அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு அதைச் செலுத்துவதே பொருந்தும். வாரிசு என்று தம் சொந்தப் பிள்ளையை மட்டும் கருதுபவர் கடனின் ஒரு சிறு பகுதியையே தீர்க்கிறார்.

ஐதராபாத்தில் இந்தத் திருப்பத்தைச் செயலில் காட்டியவர் பாக்யரெட்டி வர்மா (1888–1939). தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த அவர், 1906இல் ஜகன் மித்ர மண்டலி என்ற அமைப்பைத் தொடங்கி, 1910 முதல் இசாமியா பஜார் முதலிய இடங்களில் அம்மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை ஏற்படுத்தினார். ஆதி இந்து இயக்கத்தின் முன்னோடியான அவர் பௌத்தத்தின்பால் ஈர்க்கப்பட்டு நகரில் புத்தர் பிறந்தநாளைக் கொண்டாடினார் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மூடிய கை இல்லாத ஆசிரியரை அவர் தேடிச் சென்றது, பள்ளி வாசல் மூடப்பட்ட மக்களின் நடுவிலிருந்து.

எண்பது ஆண்டுகள் கழித்து அதே ரங்காரெட்டி மாவட்டத்தின் ஊர்களில் இக்கேள்வி வேறு வடிவில் வந்தது. மாதாப்பூருக்கு அண்டையிலுள்ள ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த சாந்தா சின்ஹா, தம் பாட்டனார் பெயரில் 1981இல் அமைந்த மாமிடிபூடி வெங்கடரங்கையா அறக்கட்டளையின் வழியாக, 1991 முதல் உழைப்பில் சிக்கிய பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் பணியில் இறங்கினார். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான வேலை, ஆபத்தற்ற வேலை என்று பிரித்திருந்தது. அவரோ, பள்ளியில் இல்லாத பிள்ளை எதுவாயினும் அது குழந்தைத் தொழிலாளியே என்றார். ஆடு மேய்க்கும் சிறுவனும், தாய் கூலிக்குப் போன பின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பையும் பார்த்துக்கொள்ளும் எட்டு வயதுச் சிறுமியும் அந்த வரையறைக்குள் வந்தார்கள். அதுவரை எந்தக் கணக்கிலும் 'வேலை' என்று ஏறாத உழைப்பு அது. வேலை செய்யும் பிள்ளைக்கு இரவுப் பள்ளி போதும் என்ற வாதத்தையும் அறக்கட்டளை ஏற்கவில்லை, ஏனெனில் பகலை முதலாளிக்கு விட்டுக்கொடுத்து இரவில் மிஞ்சும் களைப்பைக் கல்விக்குத் தருவது ஈகையின் மனப்பான்மை. இடைநின்ற பிள்ளைகள் தங்கிப் படித்து, வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியிலேயே சேர்வதற்காக இணைப்பு வகுப்புகள் நடத்தப்பட்டன. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த சமாதானம் அங்கே பொய்த்தது; வழி தெரிந்தபோது, வருமான இழப்பைப் பொறுத்துக்கொண்டு அவர்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். 2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

சட்டமும் மெல்லக் கடன் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தது. பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 45ஆம் பிரிவு கூறியது வெறும் நெறிகாட்டுதலாகவே கிடந்தது. 1993இல், ஆந்திரப் பிரதேச அரசு எதிர்வாதியாக இருந்த உன்னிகிருஷ்ணன் வழக்கில், பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் அதை 21ஏ பிரிவாக்கியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது அதன் 9ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. மாதாப்பூரின் கட்டுமானக் கொட்டகையில் வாழும் ஒடியாச் சிறுமி தலைமையாசிரியர் முன் வந்து நிற்கும்போது, சட்டத்தின் பார்வையில் அவள் இரப்பவள் அல்லள், வரவேண்டியதைக் கேட்பவள்.

ஆயினும் நடைமுறை மீண்டும் ஈகையின் பக்கமே சாய்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதனால் அரசுப் பள்ளிகளுக்குக் கணினியும் கழிப்பறையும் வந்து சேர்வது நன்மையே. அதைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. ஆனால் எந்தப் பள்ளிக்கு, எதைக் கொடுப்பது என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. இதைவிட ஆழமான சரிவு, வசதியுள்ளோர் பொதுப்பள்ளியைவிட்டு முற்றிலும் விலகியது. கோத்தாரி கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையில், சாதி வர்க்க வேறுபாடின்றி ஒரு பகுதியின் எல்லாப் பிள்ளைகளும் பயிலும் அண்மைப் பள்ளியைப் பரிந்துரைத்தது. அப்படி ஒரே கூரையின்கீழ் பயிலும்போது பள்ளி எல்லோருடைய பொறுப்பாக இருக்கும். மென்பொறியாளரின் பிள்ளை கட்டணப் பள்ளியின் பேருந்திலும் கட்டடத் தொழிலாளியின் பிள்ளை உள்ளாட்சியின் பரிஷத் பள்ளிக்கு நடந்தும் போகும் ஊரில், பொதுப்பள்ளி ஏழைகளுக்கான இலவசமாகச் சுருங்கி, அதன் தரத்தைக் கேட்கும் குரலும் மங்கிவிடுகிறது.

சட்டத்திலும் இடைவெளிகள் உண்டு. 21ஏ பிரிவு ஆறு வயதுக்குக் கீழும் பதினான்குக்கு மேலும் உள்ளவர்களை விட்டுவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோர் எல்லா வேலைகளிலும் ஈடுபடுவதைத் தடை செய்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதித்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் கட்டடத் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தின் 35ஆம் பிரிவு கட்டளையிட்டது. அந்த அறை இல்லாத தளத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக அக்காள் பள்ளியைவிட்டு நிற்கிறாள். ஆகவே அவளுடைய கல்வியில் சமுதாயம் பட்டிருக்கும் கடன் பள்ளிக்கூடத்தின் கணக்கில் மட்டும் இல்லை. கட்டடத்தை எழுப்பும் ஒப்பந்தக்காரரின் கணக்கிலும், அங்கே வீடு வாங்குவோரின் கணக்கிலும், தளத்தைச் சோதிக்க வேண்டிய தொழிலாளர் துறை ஆய்வாளரின் கணக்கிலும் அது எழுதப்பட்டிருக்கிறது.