அம்பை எண்ணும் நேரம்

மலையகத்தில் வில்லைக் கையில் எடுத்துப் பழகியவர்கள் குறைவு. வில்லேந்தியவர்களின் கதையோடு வளர்ந்தவர்களோ ஏராளம். மாசியில் காமன் கம்பம் நட்டுவிட்டால் கரும்பு வில்லும் மலரம்பும் உடைய மன்மதன் லயத்து வாசல்களுக்கு வந்துவிடுவான். அர்ச்சுனன் தபசு ஆடும் தோட்டத்தில், பாசுபதம் வேண்டித் தவத்துக்குப் புறப்பட்ட பாண்டவனைப் பார்க்கச் சனம் கண்விழித்துக் காத்திருக்கும். நுவரெலியாவுக்கு அருகே சீதா எலியாவில் சீதையம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கோதண்டம் ஏந்திய இராமன் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. இவர்களில் அர்ச்சுனனுக்குக் கீதையில் சொல்லப்பட்ட உபதேசந்தான் கோயில் மேடைகளில் அதிகம் கேட்கிறது: கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே. பறித்த கொழுந்தைக் கிலோவில் நிறுத்து, முழுப்பேரா அரைப்பேரா என்று நாட்சம்பளத்தை முடிவு செய்கிற ஓரிடத்தில் இதைச் சொல்வது இலேசான காரியமல்ல. இது ஞானமா, அல்லது வாயை அடைக்கும் வழியா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உரையாசிரியர்களிடம் இதற்கு நுட்பமான விடைகள் உண்டு. ஆனால் அந்த உபதேசம் ஒரு வில்லாளிக்குச் சொல்லப்பட்டது என்பதை நாம் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்பது என் எண்ணம். புதிதாக வில் பழகுபவரின் கை எங்கே பிழைக்கிறது, அந்தப் பிழை எப்படித் தீர்கிறது என்று பார்த்தால் உபதேசத்தின் பொருளும் அதன் எல்லையும் தெளிவாகும்.

புதியவர்கள் செய்யும் பிழைகள் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வில்லை முஷ்டி இறுக்கிப் பிடிப்பார்கள். வில் ஒரு பக்கம் திருகும். நாணை விரல்களிலிருந்து நழுவ விடாமல் வெடுக்கென்று பிடுங்குவார்கள். ஒருமுறை மோவாயின் கீழும் மறுமுறை கன்னத்தருகிலுமாக, நாணை இழுத்து நிறுத்தும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முழங்கையைத் திருப்பாமல் நீட்டுவதால் நாண் முன்கையில் அடித்துத் தோல் சிவந்துபோகும். தங்கள் தோளுக்கு மிஞ்சிய வில்லை எடுத்துக்கொண்டு நடுங்குவார்கள். 20 பவுண்டு இழுவிசையில் தொடங்க வேண்டியவர்கள், ஒலிம்பிக் வீரர்கள் இழுக்கும் 40 பவுண்டுக்கு மேற்பட்ட வில்லுக்கு ஆசைப்படுவார்கள். எல்லாவற்றிலும் பிடிவாதமான பிழை இன்னொன்று. அம்பு எங்கே போகிறது என்று பார்க்கும் அவசரத்தில், நாணை விடும் வேளையிலேயே தலை நிமிர்ந்துவிடும், வில் பிடித்த கை தாழ்ந்துவிடும். ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கிறது. தாளின் விட்டம் 122 சென்டிமீட்டர், பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர். இழுத்த நாணின் இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே அம்பு அங்கே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் விலகும் என்பது சாதாரண வடிவக் கணக்கு. நடுவட்டத்துக்கு வெளியே தள்ள அது போதும்.

இந்தப் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. விரல் விட்டபின் அம்பு நாணைப் பிரிந்து போக எடுக்கும் காலம் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதி. அதற்குள் யாராலும் எதையும் திருத்த முடியாது. அப்படியென்றால், அம்பைப் பார்க்கத் தலையைத் தூக்குவது எப்படி அம்பைக் கெடுக்கிறது? தலையைத் தூக்கும் முடிவு விரல் விடுவதற்கு முன்பே உடம்பில் இறங்கிவிடுகிறது. இன்னும் நடக்காத ஒன்றைக் கண்டுவிட மனம் துடிக்கும்போது, நடந்துகொண்டிருக்கும் செயலிலிருந்து கழுத்தும் தோளும் விரலும் சற்று முன்னதாகவே விலகிவிடுகின்றன. வில்லை இறுக்குவதும் நாணைப் பிடுங்குவதும் பெரும்பாலும் இதே துடிப்பின் வேறு வடிவங்கள். முழங்கை பிழைப்பது அறியாமையால். அதைச் சொல்லிக் கொடுத்தால் அன்றே திருந்தும். முடிவைப் பார்க்கும் அவசரமோ சொன்னால் திருந்துவதில்லை. தலையைத் தூக்காதே என்று பயிற்சியாளர் எத்தனை முறை சொன்னாலும், இலக்கு கண்ணெதிரே இருக்கும்வரை தலை எழும்பும்.

எனவே இலக்கை எடுத்துவிடுகிறார்கள். வட்டங்கள் வரைந்த தாள் இல்லாத வெறும் வைக்கோல் திரணைக்கு முன்னால், சில அடி தூரத்தில், இலேசான வில்லோடு புதியவரை நிறுத்துகிறார்கள். தவற முடியாத தூரம் அது. தவறாததால் வெற்றிக்கும் இடமில்லை. காலூன்றல், இழுப்பு, நிறுத்தம், விடுதல் ஆகியவை மட்டுமே மிஞ்சுகின்றன. சிலர் கண்ணை மூடிக்கொண்டும் எய்கிறார்கள். இது நேற்றுக் கண்டுபிடித்த உத்தியல்ல. பாளி அங்குத்தர நிகாயத்தில் தியானம் பற்றிய ஒரு சூத்திரத்தில், வில்லாளியோ அவனுடைய மாணவனோ முதலில் வைக்கோல் உருவத்திலோ மண்மேட்டிலோ பழகி, பின்னரே தொலைதூரம் எய்யவும் பெரும் பொருளைத் துளைக்கவும் வல்லவனாகிறான் என்று புத்தர் எடுத்துக்காட்டுகிறார். ஜப்பானிய வில்வித்தையிலும் வைக்கோல் கட்டுக்கு முன் நின்று எய்யும் பழக்கம் இன்றும் உண்டு. ஒன்றையொன்று அறியாத பயிற்சிக் கூடங்கள் இதே மருந்துக்கு வந்து சேர்ந்திருப்பதால், நோயும் கற்பனையல்ல என்று கொள்ளலாம்.

இந்த அறிவோடு கீதையின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புவோம். அர்ச்சுனனுக்கு அங்கே நேர்வது உடம்பில் தெரிகிறது: கைகால் சோர்கிறது, வாய் உலர்கிறது, நடுக்கம் எடுக்கிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. அந்த நாட்டின் தலைசிறந்த வில்லாளி புதியவனைப் போல வில்லைப் பிடிக்க முடியாமல் நிற்கிறான். இன்னும் ஓர் அம்புகூட எய்யப்படவில்லை. ஆனால் அவன் மனம் போர் முடிந்த களத்தில், மாண்ட உறவினர் நடுவே நிற்கிறது. விளைவு செயலுக்கு முன்னே வந்து கையை உறைய வைத்துவிட்டது. செயலில் மட்டுமே உனக்கு உரிமை என்ற சொல் வருவது இந்த நிலையில் இருப்பவனிடம். அதே சுலோகம், செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்று முடிகிறது. மேடைப் பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் பகுதி அதுதான். கண்ணன் வைக்கோலைத் தந்தாலும், அவனை வைக்கோலோடு விட்டுவிடவில்லை. அர்ச்சுனன் களத்துக்குத் திரும்புகிறான், இலக்குகள் மறுபடி வருகின்றன. ஆகவே இந்த உபதேசம் கவனத்தை எந்த நேரத்தில் எங்கே வைப்பது என்பதைப் பற்றியது என்றே நான் கொள்கிறேன். நாண் இழுபட்டிருக்கும் வேளையில் பலனை மனத்திலிருந்து இறக்கி வை என்கிறது. பலனே உனக்குரியதல்ல என்று என்றைக்குமாகத் தீர்ப்பு எழுதுவதாகக் கொண்டால், அடுத்த கணமே போரிடச் சொல்வதற்குப் பொருளில்லாமல் போகிறது.

இதற்கு எதிராகத் துரோணர் வைத்த தேர்வைக் காட்டுவார்கள். மரத்தில் வைத்த பறவையின் தலையை அன்றி வேறெதுவும் தெரியவில்லை என்று சொன்னதால்தானே அர்ச்சுனன் தேறினான்? வில்லாளி இலக்கைத்தானே பார்க்க வேண்டும்? சரியான எதிர்வாதம். ஆனால் தேறாதவர்கள் என்ன சொன்னார்கள் என்று கவனிக்க வேண்டும். மரம் தெரிகிறது, தம்பிமார் தெரிகிறார்கள், குருவே நீங்களும் தெரிகிறீர்கள் என்றான் தருமன். குருவும் தம்பிமாரும் தெரியும்போது அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் கூடவே தெரிகிறது. புகழும் இகழும் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. அர்ச்சுனன் பார்த்த பறவையின் தலையில் அதெல்லாம் இல்லை. இலக்கைப் பார்ப்பது வேறு, இலக்கில் பட்டுவிட வேண்டும் என்று தவிப்பது வேறு. தேர்ந்தவனுக்கு இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. புதியவனுக்கு இரண்டும் ஒட்டியே கிடக்கின்றன. ஒன்றை அறுக்க இரண்டையும் சில காலம் அகற்ற வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கடுமையான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. பலனை மறந்து செயலில் கரைவது ஒருவனை நல்லவனாக்குமா? ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஓய்கன் ஹெரிகல் 1920களில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஆவா கென்சோவிடம் வில் பயின்று, 1948இல் வெளியிட்ட சிறு நூல் உலகெங்கும் ஆன்மிக நூலாக வாசிக்கப்பட்டது. தன்முனைப்பு அழிந்த நிலையில் அம்பு தானே பாய்வதைப் பற்றி எழுதிய அதே மனிதர் 1937இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். செண்டாயில் கற்ற அமைதி எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவருக்குக் கற்றுத்தரவில்லை. நம் காமன் கூத்தும் வேறொரு வழியில் இதைச் சொல்கிறது. மன்மதனின் குறி தப்பவில்லை. தவத்திலிருந்த சிவன் மேல் அம்பு பட்டது, கண் திறந்தது, அவன் எரிந்தான். தேவர்கள் கேட்டதற்காக எய்தவன் அவன். தனக்கென்று ஒரு பலனும் நாடாதவன் என்றுகூடச் சொல்லலாம். தஞ்சை வட்டாரத்து இலாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து விடியவிடிய வாதிட்டார்களே, அந்த வாதம் தீராமல் நின்றதில் வியப்பில்லை. கை சுத்தமாக இருப்பதும் எய்யத் தக்கதை எய்வதும் இரு வேறு கேள்விகள். பற்றின்மை முதல் கேள்விக்கு விடை தருகிறது. இரண்டாவதற்கு அறத்திடம்தான் போக வேண்டும். பயிற்சித் திடலில் அது கிடைக்காது. ரதியின் அழுகைக்கு இரங்கி மன்மதனுக்கு உயிர் திரும்பும்வரை கூத்து முடிவதில்லை என்பதை, எய்தவன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு ஏவியவர்களை மறக்கக்கூடாது என்ற மக்களின் தீர்ப்பாக நான் பார்க்கிறேன்.

ஏவியவர்களைப் பற்றிய பேச்சு நம்மைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. பற்றின்மையைப் போதிப்பவருக்கு எதிரான வலுவான குற்றச்சாட்டு இங்கேதான் எழுகிறது: உழைப்பின் பலனைப் பிறர் வைத்துக்கொள்ளும் இடத்தில் பலனை நினைக்காதே என்பது யாருக்கு நன்மை? கோப்பி பயிரிட ஆட்களைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இருநூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வி இங்கே நிற்கிறது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடியபின், 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் அது சட்டமானது. சம்பளம் ஏறிய கையோடு நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவும் ஏற்றப்பட்டது என்ற முறைப்பாடுகளும் எழுந்தன. இந்தப் பின்னணியில், பலனை எதிர்பாராதே என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னால், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று கேட்கத்தான் வேண்டும். அந்தக் கோபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உபதேசத்தை அதற்காக வீசிவிட வேண்டியதில்லை, அதைச் சரியான இடத்தில் வைத்தாலே போதும். செங்குத்து மலையில், வழுக்கும் நிரையில், கொழுந்தில் கை போகும் வேளையில் கிலோவை மட்டும் நினைத்தால் முற்றலும் கரட்டிலையும் கூடைக்கு வரும், கால் சறுக்கும் என்பது பறிப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. அந்தக் கணத்துக்குரிய ஒழுக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கு மறுக்கப்படுவது அடுத்த கணம்.

வில் போட்டியில் அந்த அடுத்த கணத்துக்கு முறையான இடமுண்டு. தகுதிச் சுற்றில் ஒருவர் 72 அம்புகளை ஆறாறாக எய்கிறார். ஆறும் முடிந்தபின் வில்லை வைத்துவிட்டு இலக்குவரை நடந்து போகிறார். புள்ளிகளைக் குறித்து முடிக்கும்வரை அம்பையோ தாளையோ எவரும் தொடக்கூடாது. அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் கூடிய புள்ளி எய்தவருக்கே. கணக்கில் இணக்கமில்லையென்றால் நடுவரை அழைக்கலாம். நாண் இழுக்கும்போது பலனை மறந்திருந்த அதே மனிதர், இங்கே ஒரு புள்ளியையும் விட்டுக்கொடுப்பதில்லை. அதை யாரும் பற்று என்று பழிப்பதுமில்லை. எய்தவரின் கண்முன்னே எண்ணுவதுதான் விதி. கொழுந்து மடுவத்தில், பறித்தவர் தராசு முள்ளைப் பார்க்கும்படி நிறுக்க வேண்டும், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று சொல்ல வேண்டும், செக்ரோல் பதிவேட்டில் எழுதிய தொகையை அவர் அங்கேயே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கோருவது இதே விதியைத்தான். கீதையை மேற்கோள் காட்டுபவர்கள் கூடை நிறையும் நேரத்துக்கு அதைச் சொல்லட்டும். நிறுக்கும் நேரத்தில் தராசின் பக்கத்தில் வந்து நிற்கட்டும்.