பிந்தி வந்தவரின் காணி

விண்ணப்பம் எழுதுவதில் எம்மைவிடத் தேர்ச்சி பெற்ற சனங்கள் உலகில் அதிகம் இருக்கமாட்டார்கள். அகதி விண்ணப்பம், வதிவிட அனுமதிக்கான விண்ணப்பம், குடும்பத்தை அழைப்பதற்கான விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு, அதுவும் நிராகரிக்கப்பட்டால் கருணை மனு. தபாலில் வந்த உறையின் தடிப்பைப் பார்த்தே உள்ளே இருக்கும் பதிலைச் சொல்லிவிடக் கூடியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே ஒரு பக்கம் தனிமனிதனும் மறுபக்கம் அரச அலுவலகமும் நிற்கும் எந்தக் கதையைக் கேட்டாலும், நாம் விசாரிக்காமலே மனிதனின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம். இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் நியாயமானது என்று எம்மைச் சங்கடத்துடன் யோசிக்க வைத்தது ஒரு வழக்கு.

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், வெஸ்ரர்லி என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கே கடற்கரையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு வீதி. வீதிக்கு அப்பால் உப்புச் சதுப்பு. சதுப்புக்கும் அப்பால் வினபோக் என்ற களப்பு. இந்த வரிசையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கடல், வீடுகள், வீதி, சதுப்பு, களப்பு.

1959 இல் அன்ரனி பலசோலோ என்ற அவ்வூர்க்காரர் வேறு சிலருடன் சேர்ந்து ஒரு கம்பனியை அமைத்து, வீதிக்கும் களப்புக்கும் இடைப்பட்ட காணியை வாங்கினார். பிறகு மற்றவர்களின் பங்குகளையும் தானே வாங்கிக்கொண்டார். மொத்தம் ஏறத்தாழ 20 ஏக்கர். அதில் 18 ஏக்கர் சதுப்பு. வீடு கட்டுவதானால் சில இடங்களில் 6 அடி உயரத்துக்கு மண் கொட்டவேண்டும். அறுபதுகளில் மூன்று முறை அனுமதி கேட்டும் காரியம் நடக்கவில்லை. 1971 இல் மாநில அரசு கரையோர வளங்களுக்கென ஒரு சபையை உருவாக்கியது. அதன் விதிகள் உப்புச் சதுப்புகளை நிரவுவதைத் தடுத்தன. 1978 இல் வரி கட்டாத காரணத்தால் கம்பனியின் பதிவு இரத்தாக, காணி பலசோலோவின் சொந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தது. 1983 இல் சதுப்பு முழுவதையும் நிரவக் கேட்டார். மறுத்தார்கள். 1985 இல் 11 ஏக்கரை மட்டும் நிரவி ஒரு கடற்கரைக் கழகம் அமைக்கக் கேட்டார்: 50 கார்கள் நிறுத்த இடம், மேசைகள், இறைச்சி வாட்டும் அடுப்புகள். அதையும் மறுத்தார்கள். பலசோலோ வழக்குப் போட்டார். காணியை 74 வீட்டு நிலங்களாகப் பிரித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று 31 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் நட்டஈடு கேட்டார்.

மாநிலத்தின் பதில் எளிமையானது. நீர் 1978 இல் உரிமையாளர் ஆகியபோதே விதி இருந்தது. தெரிந்துகொண்டுதானே வந்தீர்? வந்தபிறகு முறையிட உமக்கு என்ன உரிமை?

இந்த வாசகம் எமக்குப் பரிச்சயமானது. வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு மேசைகளுக்கு முன்னால் நின்று இதைக் கேட்டிருக்கிறோம். 'எங்கள் சட்டம் இதுதான் என்று தெரிந்துதானே வந்தீர்கள்?' ஆகவே 2001 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கமுடியாது என்று சொன்னதை அறிந்தபோது எமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஒரு விதி நியாயமற்றதாக இருந்தால், அது பிறந்தபிறகு வந்தவர் என்பதற்காக ஒருவரின் வாயைக் கட்டமுடியாது. காலம் கடந்துவிட்டதால் அநியாயம் நியாயமாகிவிடாது. பின்வரும் தலைமுறைக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. தீர்ப்பின் சாரத்தை நாம் விளங்கிக்கொண்ட விதம் இதுதான். பிந்தி வந்தவர்கள் என்ற முறையில் நாம் மனதுக்குள் கைதட்டினோம்.

அவசரப்பட்டுவிட்டோம். கேள்வி கேட்கும் உரிமை வேறு, சதுப்பை நிரவும் உரிமை வேறு. அதே தீர்ப்பில் நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லியிருந்தது: காணியின் மேட்டுப் பகுதியில் ஒரு வீடு கட்ட இடமிருக்கிறது, அதற்கு 2 இலட்சம் டொலர் பெறுமதி இருக்கிறது, ஆகவே எல்லாமே பறிபோய்விட்டது என்று சொல்லமுடியாது. அதாவது குடியிருக்க ஒரு வீடு என்றால் வழியிருந்தது. மறுக்கப்பட்டது மிச்சக் காணியிலிருந்து எடுக்க நினைத்த இலாபம். 'வீடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் இளகிப்போகிற எமக்கு இந்த வித்தியாசம் பிந்தித்தான் உறைத்தது.

சதுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்வைக்கு அது ஒன்றுக்கும் உதவாத சேறு. புல்லும் உப்பு நாற்றமும் நுளம்பும்தான். எங்கள் ஊர்களிலும் 'தரவை', 'சேற்றுநிலம்' என்று இளக்காரமாகவே பேசினோம். ஆனால் ஒவ்வொரு நாளும் இருமுறை கடல் ஏறி இறங்கும்போது அந்தப் புல்லின் வேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. மீன்குஞ்சுகள் அங்கே ஒளிந்து வளர்கின்றன. தரையிலிருந்து வடியும் அழுக்கு அங்கே வடிகட்டப்படுகிறது. அலையின் வேகம் அங்கே தணிகிறது. 74 வீடுகளுக்கும் மலக்குழி வெட்டினால் அவற்றிலிருந்து கசியும் நைதரசன் களப்புக்குள் போய்ப் பாசியை வளர்க்கும். பாசி அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் சாகும். இன்னொன்று: கடல்மட்டம் உயர உயரச் சதுப்பு மெல்ல மெல்ல மேட்டுப் பக்கமாக நகர்கிறது. பின்னால் மதிலோ வீதியோ குறுக்கிட்டால், போக இடமில்லாமல் நின்ற இடத்திலேயே மூழ்கிவிடுகிறது. இடப்பெயர்வு என்ற சொல்லை நாம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது போலிருக்கிறது.

வெஸ்ரர்லிக்குக் கடல் என்ன செய்யும் என்பது தெரியாததல்ல. 1938 செப்டெம்பர் 21 ஆம் திகதி வீசிய சூறாவளியில், அவ்வூரின் நாபட்றீ முனையில் வரிசையாக நின்ற வீடுகளைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. அந்த முனையில் பிறகு வீடுகள் எழவில்லை. மற்றக் கரைகளில் எழுந்தன.

2005 யூலையில் றோட் ஐலண்ட் நீதிமன்றம் ஒன்று இந்த வழக்கை முடித்துவைத்தது. காணியில் ஏறத்தாழப் பாதி வற்றுப்பெருக்கு நீருக்குக் கீழே இருப்பதால் அது பொதுமக்களுக்குரியது, நிரவினால் களப்புக்குக் கேடு, நிரவும் செலவைக் கழித்தால் இலாபமும் பெரிதாக வராது, நட்டஈடு இல்லை. காணி வாங்கி 46 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தக் கதையை நாம் ஒரு சனிக்கிழமை மாலை நண்பர் ஒருவரின் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். சரியான தீர்ப்பு என்பதே எங்களில் பலரின் அபிப்பிராயம். மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, மட்டக்களப்பு நாவலடியில் பிறந்தவர், கேட்டார்: "அது சரி மனே, றோட்டுக்கு மற்றப் பக்கம் கடலோட நிக்கிற வீட்டுக்காரர் ஆரிட்டக் கேட்டுக் கட்டினவங்களாம்?"

எம்மில் எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. முன்வரிசை வீடுகள் நின்றபடியே நிற்கின்றன. பின்புறத்தில் 74 கூரைகள் எழாததால் அவற்றின் காட்சியும் கெடவில்லை, விலையும் குறையவில்லை. சதுப்பைக் காப்பதற்கான விலையோ வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுகிறது. பலசோலோமீது எமக்குப் பெரிய அனுதாபம் இல்லை; மலிவான சேற்றை வாங்கி விலையுயர்ந்த நிலமாக்கி விற்க நினைத்தவர். ஆயினும் அவருக்குச் சொல்லப்பட்ட 'இல்லை' சரியானது என்பதால், அதைச் சொன்னவர்களுக்கு ஒரு கடனும் இல்லை என்று ஆகிவிடுமா?

தென் கரோலினாவில் நடந்த இன்னொரு வழக்கு இதைவிட வெளிப்படையானது. சதுப்பு அல்ல, கடற்கரை மணல். டேவிட் லூக்காஸ் என்பவர் 1986 இல் 9 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு இரண்டு நிலங்களை வாங்கினார். இரு பக்கமும் வீடுகள் இருந்தன. 1988 இல் வந்த சட்டம் அங்கே புதிதாக வீடு கட்டுவதைத் தடுத்தது. அயல்வீடுகள் இருந்தபடியே இருந்தன. இவர் மட்டும் கட்டமுடியாது. 1992 இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. மாநிலம் கடைசியில் காசு கொடுத்து அந்த நிலங்களைத் தானே எடுத்துக்கொண்டது. எடுத்தபின் என்ன செய்தது? போட்ட காசை மீட்பதற்காக, வீடு கட்டுவதற்கென்றே விற்றது. கரையைக் காப்பது இன்னொருவரின் செலவாக இருந்தவரையில் அது புனிதமான கொள்கை. தன் பணப்பெட்டியைத் தொட்டவுடன் கொள்கை கரைந்துபோனது. இதைச் சுற்றாடல் சட்டத்துக்கு எதிரான கதையாகப் பலர் சொல்வதுண்டு. நாம் அப்படி வாசிக்கவில்லை. 'இல்லை' என்று சொன்னவர்கள் தாங்கள் சொன்னதை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கான பரீட்சையாகவே வாசிக்கிறோம்.

நாவலடி அம்மாவுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எமக்குத் தெரியும். நாவலடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். 2004 டிசம்பர் 26 அந்த ஊரை விழுங்கியது. பலசோலோவின் வழக்கு முடிந்த அதே 2005 இல், இலங்கை அரசு கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் ஒன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஏன் எங்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. சேதமடைந்த உல்லாச விடுதிகள் திருத்தப்படலாம், மீன்பிடிக்கிறவரின் வீடு எழக்கூடாது. நாவலடிச் சனங்கள் திராய்மடுவில் குடியேற்றப்பட்டார்கள். அந்த வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் பலருடைய வாழ்க்கை இடம் மாறிவிட்டது. கடல் மீண்டும் வரும் என்பது பொய்யல்ல. அலுவலகம் சொன்ன காரணமும் பொய்யல்ல. காரணம் உண்மையாக இருக்க, அதன் பாரம் ஒரு பக்கத்துச் சனங்களின் தலையில் மட்டும் வைக்கப்பட்டது.

எங்கள் கரைகளில் வேறொரு 'இல்லை'யும் இருந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனங்கள், உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரால், உறுதி கையிலிருக்கத் தங்கள் வளவுக்குள் கால்வைக்க முடியாதிருந்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் திரும்பிக் கிடைத்தது. அந்தத் தடையையும் சதுப்புத் தடையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது எமக்கு இலகு. இரண்டிலும் முத்திரை குத்திய கடிதம்தான் வருகிறது. ஆனால் ஒன்று யாரையும் வாழவைக்கவில்லை. மற்றது மீனை வாழவைக்கிறது, மீனால் வாழ்கிறவரையும்.

எம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஓரத்தில் குப்பையும் மண்ணும் கொட்டி நிரவிக் குடிசை போட்டவர்கள் யார்? மேட்டுக்காணி யாரிடம் இருந்தது, யாருக்கு விற்கப்படவில்லை என்பதை அறிந்தவர்களுக்குப் பதிலும் தெரியும். ஏரி நிரவப்படுகிறதே என்று கவலைப்பட்டவர்களில் ஒருவராவது தம்முடைய வளவில் ஒரு பரப்பை அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. நாமும் கவலைப்பட்டவர்களின் பிள்ளைகள்தான்.

அன்று மாலை வெளிக்கிடும்போது அந்த அம்மாவிடம், நாவலடியில் இப்போது கட்ட அனுமதி தந்தால் திரும்பிப் போவீர்களா என்று கேட்டோம். கொஞ்சநேரம் யோசித்தார். "கட்டமாட்டன். கடல் அங்கதான கிடக்கு," என்றார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "ஆனா ஹோட்டல்காரனுக்கும் குடுக்கப்படாது," என்றார்.