உரை என்னும் சான்று

'காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இன்னும் என்ன?' சிக்குன்குனியா கண்டு எழுந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே அடிக்கடி கேட்க நேரும் கேள்வி இது.

1952-இல் தான்சானியாவின் தென்பகுதியில் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய்க்கு, அங்கு வாழும் மகோண்டே மக்களின் மொழி பெயர் தந்தது. உடலை வளைத்துவிடுவது என்பது அதன் பொருள். நம் நாட்டில் 1963-இல் கல்கத்தாவில் பரவிய இந்நோய், எழுபதுகளுக்குப் பின் நெடுங்காலம் அடங்கியிருந்து 2005-இன் இறுதியில் மீண்டும் தலையெடுத்தது. 2006-இல் மட்டும் 13 லட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதாக ஐயுறப்பட்டது. காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடுகிறது. ஆனால் மணிக்கட்டு, விரல், கணுக்கால் மூட்டுகளில் தங்கிய வலி பலருக்கு மாதக்கணக்கிலும், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது.

ஓர் இல்லத்தரசியின் விடியற்காலையை எண்ணிப் பாருங்கள். விரல்களை மடக்க இயலவில்லை. ஈரத்துணியைப் பிழிதல், குடத்தைத் தூக்குதல், தரையில் அமர்ந்து எழுதல் என்று இதுவரை வேலையாகவே தோன்றாதவை எல்லாம் இன்று மலையாகின்றன. சற்று நடமாடிய பின் இறுக்கம் தளர்கிறது. நண்பகலில் அவர் அடுப்படியில் நிற்பதைக் காண்பவர்களோ, 'காலையில் முடியாதது இப்போது எப்படி முடிந்தது?' என்று ஐயுறுகின்றனர். வலியோடு, அவ்வலியை மெய்ப்பிக்கும் வேலையும் அவருக்கு வந்து சேர்கிறது.

அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று நம் தத்துவ அறிஞர்கள் வகுத்தனர். வலி, அதை அனுபவிப்பவருக்கு மட்டுமே காண்டல். புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல, கொதிக்கும் நெற்றியையும் வீங்கிய மூட்டையும் கண்டு பிறர் அதைக் கருதி அறியலாம். காய்ச்சல் தணிந்து வீக்கமும் வடிந்துவிட்டால் எஞ்சுவது உரை ஒன்றே. 'வலிக்கிறது' என்ற அவரது சொல்லைவிட மேலான சான்று நமக்கு இல்லை.

அவர் மிகைப்படுத்தினால்? நம்பி ஏமாந்தால் நாம் இழப்பது சிறிது உழைப்பு. நம்பாமல் தவறினாலோ, துன்புறும் ஒருவரைப் பொய்யராக்கிவிடுகிறோம். இவ்விரு தவறுகளும் சமமானவை அல்ல.

'பொறுத்துக்கொள்' என்று சொல்வது எளிது. பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒருவர் தமக்குத் தாமே ஏற்கும் விரதம்; பிறர்மீது சுமத்தும் கட்டளையன்று. பல வேளைகளில், பிறர் துன்பத்தைக் கேட்க நமக்குப் பொறுமையில்லாததால்தான் அவருக்குப் பொறுமையை உபதேசிக்கிறோம்.

நோயுற்றவரும் ஒன்றை உணர வேண்டும். பொறுத்தல் என்பது வாய்மூடிக் கிடத்தலன்று. மருத்துவரை நாடுவதும், இயன்றதைச் செய்து இயலாததற்கு உதவி கேட்பதும் பொறுமைக்கு முரணானவை அல்ல.

நாளைக் காலையில் 'இன்னுமா?' என்று கேட்பதை விடுத்து, 'இன்று எப்படி இருக்கிறது?' என்று கேட்போம். விடைக்குக் காத்திருப்போம். பின், அவர் கையிலுள்ள ஈரத்துணியை வாங்கி நாமே பிழிந்து உலர்த்துவோம்.